சட்டையைக் கழற்றினால் தடை... சாதி ரீல்ஸ் போட்டால்? விளையாட்டுச் சங்கங்கள் எதைத் தண்டிக்கலாம்?

கோவில்பட்டி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் கடலைமிட்டாயும் தீப்பெட்டியும் ஞாபகம் வரும். ஊர்க்காரங்களைக் கேட்டுப் பாருங்க, அடுத்த வார்த்தை ஹாக்கின்னுதான் வரும். 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல் இருந்தார். இதே ஊரில் பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தி செல்வமும் இருந்தார்.

மழை ஏமாற்றினால் உளுந்தும் போச்சு, பருத்தியும் போச்சு என்கிற கரிசல் காட்டில், பையன் ஹாக்கி மட்டையோடு ரயில்வேயிலோ வங்கியிலோ வேலைக்குப் போய்விட்டான் என்றால் அந்த வீட்டின் கதையே வேறு.

அப்படி ஒரு பையன் மைதானத்திலோ, செல்போனிலோ ஒரு காரியம் செய்கிறான். சட்டப்படி குற்றம் கிடையாது. ஆனால் பார்ப்பவர்களுக்கு முகம் சுளிக்கிறது, சிலருக்கு மனசு வலிக்கிறது. சங்கம் அவனைத் தண்டிக்கலாமா? கேட்க சின்னக் கேள்விதான். பதில் அவ்வளவு சுலபமா இல்லை.

ஹாக்கியிலிருந்தே தொடங்குவோம்.

2014 டிசம்பர் 13, புவனேஸ்வர். சாம்பியன்ஸ் டிராபி அரையிறுதியில் இந்தியாவைப் பாகிஸ்தான் 4-3 என்று தோற்கடித்தது. வெற்றி வேகத்தில் பாகிஸ்தான் வீரர்கள் சிலர் சட்டையைக் கழற்றி, கூட்டத்தைப் பார்த்து ஆபாசமாகச் சைகை காட்டினார்கள். யாரையும் அடிக்கவில்லை. பயிற்சியாளர் ஷானாஸ் ஷேக் மன்னிப்புக் கேட்டார், போட்டி நிர்வாகமும் அதை ஏற்றுக்கொண்டது. விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். ஹாக்கி இந்தியா அமைப்பு விடவில்லை. மறுநாள் சர்வதேச ஹாக்கி சம்மேளனம் முடிவை மாற்றி, அம்ஜத் அலி, முகமது தௌசிக் என்ற இருவருக்கு ஒரு போட்டித் தடை விதித்தது. அவர்கள் இல்லாமல் இறுதிப் போட்டியில் ஆடிய பாகிஸ்தான் ஜெர்மனியிடம் 0-2 எனத் தோற்றது.

தடை தப்பு என்று நான் சொல்லவில்லை. மைதானத்தில், சீருடையில், டிக்கெட் வாங்கி வந்த ஜனங்களைப் பார்த்துக் காட்டியதற்குத் தண்டனை உண்டு. ஆனால் முதல் நாள் மன்னிப்போடு முடிந்த அதே சைகை, மறுநாள் தடைக்குரிய குற்றம் ஆனது எப்படி? இடையில் மாறியது போட்டியை நடத்தும் நாட்டின் கோபம் மட்டும்தான்.

அந்த ரப்பர் விதி

ஏறக்குறைய எல்லா விளையாட்டு அமைப்புகளின் விதிப் புத்தகத்திலும் 'ஆட்டத்துக்கு அவப்பெயர் ஏற்படுத்தும் நடத்தை' என்றொரு வரி உண்டு. அவப்பெயர் என்றால் என்ன? இழுத்த இழுப்புக்கு வரும் ரப்பர் அது.

2025 செப்டம்பரில் நடந்த ஆசியக் கோப்பை கிரிக்கெட்டைப் பாருங்க. பாகிஸ்தானை வென்ற பிறகு, வெற்றியை ராணுவத்துக்குச் சமர்ப்பிக்கிறோம், பஹல்காமில் பாதிக்கப்பட்ட குடும்பங்களோடு நிற்கிறோம் என்றார் கேப்டன் சூர்யகுமார் யாதவ். பாகிஸ்தானின் ஹாரிஸ் ரவுஃப் விமானம் விழுவதுபோல் சைகை காட்டினார். ஐசிசி சூர்யகுமாருக்கு மேட்ச் ஃபீயில் 30 சதவீதம் அபராதம் போட்டது. ரவுஃப் இரண்டு முறை அபராதம் கட்டி, புள்ளிகள் சேர்ந்து, 2 ஒருநாள் போட்டிகளில் ஆட முடியாமல் போனது. விமான சைகைக்காக பும்ராவும் எச்சரிக்கை வாங்கினார்.

நம்ம ஊர் டீக்கடையில் இதைப் பற்றிக் கேட்டால் பாதிப்பேர் ரவுஃபுக்குக் கிடைத்தது சரி, சூர்யாவுக்குக் கிடைத்தது அநியாயம் என்பார்கள். லாகூர் டீக்கடையில் அப்படியே தலைகீழ். இரண்டு கடைக்காரர்களும் நடத்தையைப் பார்க்கவில்லை, யார் செய்தார் என்று பார்க்கிறார்கள். 2023 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் உஸ்மான் கவாஜா கையில் கறுப்புப் பட்டை கட்டி ஆடியதற்கே ஐசிசி கண்டனம் தெரிவித்தது. அதில் புண்பட்டவர் யார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

டிவியில் பேசினால்?

2019 ஜனவரியில் 'காஃபி வித் கரண்' நிகழ்ச்சியில் ஹர்திக் பாண்டியா பெண்களைப் பற்றிக் கேவலமாகப் பேசினார். பக்கத்தில் கே.எல்.ராகுல். சோஷியல் மீடியா கொதித்தது. கிரிக்கெட் வாரியம் இருவரையும் இடைநீக்கம் செய்து ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டது. சிக்கல் என்னன்னா, விசாரிக்க வேண்டிய குறைதீர்ப்பாளரே அப்போது நியமிக்கப்படவில்லை! தண்டனை முதலில், நீதிபதி அப்புறம். இரண்டு வாரத்தில் தடையை நீக்கினார்கள். ஏப்ரலில் ஓய்வுபெற்ற நீதிபதி டி.கே.ஜெயின் ஆளுக்கு 20 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னார். பணியில் உயிரிழந்த துணை ராணுவக் காவலர்கள் 10 பேரின் குடும்பங்களுக்குத் தலா 1 லட்சம், பார்வையற்றோர் கிரிக்கெட்டுக்கு 10 லட்சம்.

நல்ல காரியம்தான். ஆனா கவனிச்சீங்களா? பேச்சு பெண்களைப் பற்றியது. பணம் போனது வேறெங்கோ.

பெண்கள் புண்பட்டார்கள் என்பதைவிட, வாரியத்தின் பெயர் கெட்டது என்பதுதான் அங்கே கணக்கு. பெரும்பாலான சங்கங்களின் கணக்கும் இதுதான். தங்களுக்குச் சங்கடம் வந்தால் சவுக்கை எடுப்பார்கள். தங்களுக்குச் சங்கடம் இல்லாத இடத்தில் யார் அழுதாலும் காதில் விழாது.

இதற்குச் சரியான சாட்சி மல்யுத்தம். டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த கையோடு, 2021 ஆகஸ்டில் வினேஷ் போகத்தை மல்யுத்த சம்மேளனம் இடைநீக்கம் செய்தது. அணியோடு தங்கவில்லை, சேர்ந்து பயிற்சி செய்யவில்லை, வேறு ஸ்பான்சரின் உடை அணிந்தார் என்பவை குற்றச்சாட்டுகள். அவர் மன்னிப்புக் கேட்டார், எச்சரித்து விட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ராஞ்சியில் 15 வயதுக்குட்பட்டோர் போட்டியின் மேடையில் சம்மேளனத் தலைவர் பிரிஜ் பூஷண் சரண் சிங் ஒரு இளம் வீரரைக் கன்னத்தில் அறைந்தார். வீடியோ நாடெங்கும் பரவியது. தலைவர் நாற்காலி அசையவில்லை. 2023-ல் அவர் மீது பாலியல் துன்புறுத்தல் புகார் சொல்லி வினேஷ் உள்ளிட்டோர் ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தது உங்களுக்குத் தெரியும். அவர் மறுக்கிறார், வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது. 'ஒழுங்கீனம்' என்ற சொல்லை யார் கையில் கொடுக்கிறோம் என்று பயப்பட இதைவிட வேறு காரணம் வேணுமா?

கருத்துச் சுதந்திரம் இல்லையா?

உண்டு. ஆனால் அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவு முக்கியமாக அரசுக்கு எதிரான கேடயம். கிரிக்கெட் வாரியம் 'அரசு' என்ற வரையறைக்குள் வராது என்று 2005-ல் ஜீ டெலிஃபிலிம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொதுக் கடமை செய்வதால் ஐகோர்ட்டில் ரிட் மனு போடும் வழி மட்டும் உண்டு. கையெழுத்துப் போட்டு சங்கத்தில் சேர்ந்தவர் அதன் விதிக்குக் கட்டுப்பட்டவர்தான். 2025-ல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் தனித் தீர்ப்பாயத்துக்கும் வழி செய்திருக்கிறது. எட்டயபுரம் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும் பையனுக்கு அது எட்டுமா என்பது வேறு கதை.

நம்ம பக்கத்து விஷயம்

இப்போ யாரும் பேசாத இடத்துக்கு வருவோம். நம்ம தென் மாவட்டங்களில் இளம் வீரர்கள் செய்யக்கூடிய 'சட்டப்படி குற்றமில்லாத, ஆனால் புண்படுத்துகிற' காரியம் எது? சட்டையைக் கழற்றுவது இல்லை. சாதிப் பாட்டு பின்னணியில் ரீல்ஸ். ஜெர்சியைப் போட்டுக்கொண்டு சாதிப் பெருமை ஸ்டேட்டஸ். கையில் கலர் கயிறு.

நாங்குநேரியில் 2023-ல் பள்ளி மாணவன் வீட்டுக்குள் புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் மாணவர்கள் கலர் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொன்னது. அது பள்ளிக்கூடத்துக்கு. விளையாட்டு அணிக்கு?

ஒருவரைச் சாதி சொல்லித் திட்டினால் வன்கொடுமைச் சட்டம் வரும். யுவராஜ் சிங் இன்ஸ்டாகிராம் லைவில் சொன்ன ஒரு சாதிச் சொல்லுக்காக 2021-ல் ஹரியானா போலீஸ் அவரைக் கைது செய்து ஜாமீனில் விட்டது. ஆனால் யாரையும் திட்டாமல், தன் சாதியை மட்டும் தூக்கிப் பிடித்து அரிவாள் எமோஜியோடு போடும் ஸ்டேட்டஸ் பெரும்பாலும் சட்டத்தில் சிக்காது. அதே அணியில் வலது பக்கம் ஓடுகிறவன் அதைப் படிக்கிறான். நாளைக்குக் காலை அவனுக்கு இவன் பந்தைக் கடத்துவானா? அவன் விடுதியில் இவன் பக்கத்தில் தட்டைப் போட்டு உட்காருவானா?

இங்கே சங்கம் தலையிடலாம் என்பது மட்டுமில்லை, தலையிட்டே ஆகணும் என்பது என் கட்சி. புண்படுவது சங்கத்தின் பெயர் அல்ல, பக்கத்தில் ஆடும் ஒரு பையன். பாகிஸ்தான் சைகைக்கும் டிவி பேச்சுக்கும் துள்ளியவர்கள் இதற்குத்தான் முதலில் துள்ளியிருக்க வேண்டும்.

எப்படித் தலையிடுவது? இங்கிலாந்து கிரிக்கெட்டில் ஆலி ராபின்சன் விவகாரம் கொஞ்சம் வழி காட்டுகிறது. 2021 ஜூனில் அவர் அறிமுக டெஸ்ட் ஆடிய அன்றே, 18, 19 வயதில் போட்ட இனவெறி, பெண் வெறுப்பு ட்வீட்கள் வெளிவந்தன. வாரியம் உடனே இடைநீக்கம் செய்தது உண்மைதான். ஆனால் இறுதித் தண்டனையை முடிவு செய்தது தனி ஒழுங்கு ஆணையம். 8 போட்டித் தடை. அதில் 5 போட்டிகள் நிறுத்திவைப்பு, அதாவது இரண்டு வருஷத்துக்குள் மறுபடி தப்புச் செய்தால்தான் அமலாகும். கொஞ்சம் அபராதம். மனுஷன் திரும்ப வந்து ஆடினார்.

பாண்டியாவுக்கு இரண்டு வாரம் போனது பெரிய நஷ்டம் இல்லை. நம்ம விடுதிப் பையனுக்கு ஒரு வருஷத் தடை என்றால் மாநில அணித் தேர்வு போச்சு, சர்டிஃபிகேட் போச்சு, ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கு வயசும் ஓடிப்போகும். அப்பா அம்மாவைக் கூப்பிட்டு, பெட்டியைக் கட்டச் சொல்லி ஒரே நாளில் அனுப்புவது நிர்வாகத்துக்குச் சுலபம். அந்தப் பையன் ஊருக்குப் போய் அதே சாதி கோஷ்டிக்குள்தான் விழுவான்.

அதனால், விடுதியிலோ கிளப்பிலோ சேர்க்கும் அன்றே ஒரு பக்கத் தாளில், தமிழில், எதைப் போடக் கூடாது, போட்டால் என்ன ஆகும் என்று எழுதிக் கொடுக்கட்டும். முதல் தடவைக்கு இரண்டு மேட்ச் வெளியே உட்காரட்டும், பயிற்சிக்கு வரட்டும். விசாரிக்கும் மூணு பேரில் பயிற்சியாளரும் சங்கச் செயலாளரும் இருக்கக் கூடாது. புண்பட்ட பையனைக் கூப்பிட்டுக் கேட்ட பிறகே முடிவு. அதே தாளின் பின்பக்கம், பயிற்சியாளர் சாதி பேசினால் யாருக்கு போன் பண்ண வேண்டும் என்று ஒரு நம்பரும் இருக்கட்டும்.