முடங்கிய கணினியும் முறிந்த பேச்சும்



பேராவூரணியை அடுத்த தென்னந்தோப்புகளுக்கிடையே உள்ள ஓர் இல்லத்திற்கு, நோயுற்றிருந்த பாட்டியாருக்கு நற்கருணை வழங்க அண்மையில் சென்றிருந்தோம். வழக்கமாக வாசலுக்கே ஓடிவந்து வரவேற்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், அன்று கதவோரம் ஒதுங்கி நின்றான். தந்தையின் முகமும் இறுகியிருந்தது. காரணம் கேட்டோம்.

"சாமி, கம்ப்யூட்டரு நின்னு நின்னு போவுது. இவன் கண்ட விளையாட்டையும் ஏத்திக் கெடுத்துட்டான். இனிமே தொடக்கூடாதுன்னு சொல்லிட்டேன்" என்றார் தந்தை.

"நான் கெடுக்கலை சாமி" என்று மட்டும் சொல்லி மகன் தலைகுனிந்தான். இருவரும் பேசாமலிருந்து இரண்டு வாரங்களாயின என்று தாய் நம்மிடம் தனியே சொல்லிக் கண் கலங்கினார். கயிறு வியாபாரத்தின் கணக்குகளும், மறைந்த தாத்தாவின் படங்களும் அந்தக் கணினியில்தான் இருந்தன. மகனுடைய கல்லூரி விண்ணப்பத்திற்கும் அதையே நம்பியிருந்தனர்.

அங்கே குற்றச்சாட்டு இருந்தது; தீர்ப்பும் தண்டனையும் இருந்தன. விசாரணை மட்டும் நடக்கவில்லை.

நாம் பொறியாளர் அல்லோம். ஆயினும் பங்கு அலுவலகக் கணினியோடு பல ஆண்டுகள் மல்லாடியதில் கற்றுக்கொண்டவை சில உண்டு. அவற்றை அன்று தந்தையிடமும் மகனிடமும் சேர்த்தே சொன்னோம்.

எதையும் தொடுமுன், உள்ளே இருப்பவற்றைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்து நம் தென்னைகளைச் சாய்த்ததை இப்பகுதியில் எவரும் மறக்கவில்லை. அந்தப் புயலுக்கு முன்னறிவிப்பு இருந்தது. கணினி அடிக்கடி உறைந்து நிற்பதும் ஒரு முன்னறிவிப்பே. அது இயங்கும் வேளையிலேயே கணக்கையும் படங்களையும் பென் டிரைவிலோ வேறொரு டிஸ்க்கிலோ நகல் எடுத்துவிட வேண்டும். பழுது பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

அடுத்து, ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். கணினி எந்த நேரத்தில் நின்றது? அப்போது என்ன வேலை நடந்தது? திரை அப்படியே உறைந்ததா, தானாக அணைந்து மீண்டும் தொடங்கியதா? நீலத்திரை தோன்றினால் அதில் இருந்த எழுத்துகள் எவை? இவற்றை ஒரு வாரம் குறித்துவைக்குமாறு மகனிடம் சொன்னோம். அதைப் படித்துப் பார்க்குமாறு தந்தையைக் கேட்டுக்கொண்டோம்.

ஒரு வாரத்தில் அந்தக் குறிப்பே வழிகாட்டியது. பகலில் அரை மணி நேரம் ஓடியபின் திரை உறைந்தது. மாலையிலோ, ஆறு மணியை ஒட்டிச் சட்டென அணைந்து மீண்டும் தொடங்கியது. ஒரே நோய் என்று எண்ணியிருந்தது இரண்டு நோய்களாக இருந்தது.

அறிமுகமான மின்பணியாளர் ஒருவர் வந்து, மின்னிணைப்பை முற்றிலும் நீக்கிவிட்டுப் பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றினார். கணினியின் மூளையாகிய பிராசசரின் மேலுள்ள விசிறியிலும், வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடுகளிலும் தென்னை நார்த்தூசி கம்பளம்போல் படிந்திருந்தது. நார் மூட்டைகள் அடுக்கிய அறையிலேயே கணினியை வைத்திருந்தனர். காற்று புகாவிடில் வெப்பம் ஏறும். வெப்பம் மிகுந்தால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள முதலில் வேகத்தைக் குறைக்கும். பல பிராசசர்களில் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸை எட்டும்போது இது நிகழும். அதற்கும் மேல் போனால் கணினி அணைந்துவிடும். விசிறியைச் சுழலாதபடி பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் தூசியை அகற்றினார்; காய்ந்திருந்த வெப்பப் பசையையும் மாற்றினார். பகல் நேர உறைவு நின்றது.

மாலை நோய்க்குக் காரணம் வேறு. ஆறு மணிக்குத் தண்ணீர்த் தொட்டியை நிரப்ப மோட்டார் போடுவார்கள். மோட்டார் ஓடத் தொடங்கும் நொடியில், வழக்கமாக இழுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். 230 வோல்ட் இருக்க வேண்டிய அழுத்தம் அக்கணம் சரியும். அதைத் தாங்கவே யு.பி.எஸ். உள்ளது. ஆனால் அதன் பேட்டரி செத்துப்போய், கருவி கட்டிலுக்கடியில் கிடந்தது. அதை எடுத்து வைத்தவர் தந்தையேதான்!

இவ்விரண்டும் தீர்த்து வைக்காவிட்டால் மேலும் தேட வேண்டியிருக்கும். ரேம் எனப்படும் நினைவகத் தகடு தளர்ந்திருக்கலாம். அதைச் சோதிக்கும் வசதி விண்டோஸிலேயே உண்டு. ஹார்டு டிஸ்க் 'டக், டக்' என ஒலித்தால், அது சாகுமுன் நகல் எடுத்துவிட வேண்டும். டிஸ்க்கில் இடம் நிரம்பியிருக்கலாம். புதிதாக ஏற்றிய மென்பொருள் ஒவ்வாமல் இருக்கலாம். எதைச் செய்தாலும் ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கை ஒருசேர மாற்றினால், குணமாக்கிய மருந்து எதுவென்று தெரியாமலே போகும். மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் வீட்டில் எவரும் திறக்கலாகாது. இணைப்பை நீக்கிய பின்னும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

அப்படியானால் மகன் ஏற்றிய விளையாட்டு? அது இருந்தது உண்மை. கணினியை அது கடுமையாக உழைக்க வைத்து, வெப்பத்தை விரைவில் ஏற்றியதும் உண்மை. ஆனால் மலையேறும்போது மூச்சு வாங்கினால், இதய நோயைக் கொடுத்தது மலை என்று எவரும் சொல்வதில்லை.

2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றன. கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு புதுப்பிப்பே காரணம். ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதித் தந்தார்கள். அந்தக் கணினிகளின் முன்னே அமர்ந்திருந்த ஊழியர்கள் செய்த தவறு ஒன்றுமில்லை. பொறி நிற்கும்போது அதன் முன் இருப்பவன் கண்ணுக்குத் தெரிகிறான், காரணம் தெரிவதில்லை. ஆகையால் கை அவன் பக்கமே நீள்கிறது.

மறு வாரம் சென்றபோது கணினி வேறு அறைக்கு மாறியிருந்தது. புதிய பேட்டரி வாங்க மகனையும் கூட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போயிருந்தாராம் தந்தை. "மன்னிச்சுக்கடா தம்பின்னு சொல்ல வாய் வரலை சாமி. போற வழியில பரோட்டா வாங்கிக் குடுத்தேன்" என்றார். மகன் சிரித்தான்.

பரோட்டா நல்லதே. எனினும் அந்தச் சொல்லையும் ஒரு நாள் சொல்லிவிடுங்கள் என்று அவரிடம் கூறி விடைபெற்றோம். பேட்டரி விலைக்குக் கிடைக்கும். செய்யாத குற்றத்தைச் சுமந்த பிள்ளைக்கு, அந்தச் சொல்லைத் தகப்பனைத் தவிர வேறெவரும் தர இயலாது.