முகமும் எழுத்தும்

எழுத்தாளன் முதலில் இணையத்தில் தன் முகத்தை நிலைநாட்ட வேண்டுமென்ற உபதேசம் இன்று பெருகிவிட்டது. ஏழை எழுத்தாளனுக்கு விளம்பரம் வேண்டாமா என்பர். வேண்டும். சிகையலங்காரத் தொழிலாளியாக வாழ்ந்த டொமினிக் ஜீவா, 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய 'மல்லிகை'யைத் தம் கையிலேயே சுமந்து விற்றார். ஆனால் அதன் அட்டையை அலங்கரித்தவை பிற எழுத்தாளர், கலைஞர் முகங்கள்! பின்னர் கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கத்து ஸ்ரீ கதிரேசன் வீதிக்கு வந்தபோதும் அவ்வழக்கத்தை அவர் கைவிடவில்லை. 2021இல் அவர் மறைந்தார். 2005இல் தோன்றிய 'நூலகம்' இணையத்தளத்தில் மல்லிகை இதழ்களை எவரும் காசின்றிப் படிக்கலாம். ஆகவே இணையம் நமக்குப் பகையன்று. தன்னையே சரக்காக்கும் சந்தைப் புத்தியே பகை. வெள்ளவத்தையில் முதல் நூலை வெளியிடும் இளைஞனே, உன் பக்கத்தில் உன் படம் ஒன்று போதும். எஞ்சிய இடத்தைச் சக எழுத்தாளனுக்குக் கொடு!