பழைய ஸ்கூட்டருக்கும் ஒரு பேரேடு வேண்டும்



துவரம் பருப்பில் கிலோவுக்கு ஐம்பது காசு குறைக்க நாம் அரை மணி நேரம் பேசுகிறோம். இரவு கணக்கில் பத்து ரூபாய் இடித்தால் கடை அடைத்த பிறகும் உட்கார்ந்து தேடுகிறோம். ஆனால் கடை வாசலில் நிற்கும் ஸ்கூட்டருக்கு ஆண்டுக்கு என்ன செலவாகிறது என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோருக்குப் பதில் தெரியாது. மெக்கானிக்குக் கொடுக்கும் பணம் கைச்செலவோடு போய்விடுகிறது. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன்.

எங்கள் தலைமுறைக்கு இது பழகிப்போன குணம். 1980களின் தொடக்கத்தில் என் தகப்பனார் பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். ஆயுத பூஜை அன்று தராசுக்கு அடுத்தபடி அதற்குத்தான் சந்தனம், குங்குமம். அப்படிக் கிடைத்த வண்டியை யார் கழிப்பார்கள்? பழுது பார்த்துப் பார்த்து 20 ஆண்டுகளுக்கு மேல் ஓட்டினோம். அன்று அது சரி. நினைத்தவுடன் வேறு வண்டி கிடைக்காது. இன்று பணம் கட்டினால் சில நாட்களில் வண்டி வந்துவிடுகிறது. காலம் மாறிவிட்டது, நம் பழக்கம்தான் மாறவில்லை.

2008-இல் வாங்கிய கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒன்று என் கடையில் ஓடிக்கொண்டிருந்தது. 2023-இல் 15 ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பித்தோம். "ஆர்.டி.ஓ. ஆபீசே ஐந்து வருஷம் கொடுத்துவிட்டது, இனி என்ன?" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். 2024 புரட்டாசியில் மெக்கானிக், "அண்ணாச்சி, பின் பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது, டயரும் வழுக்கை, முன் ஃபோர்க்கும் ஆடுகிறது. எல்லாம் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம் ஆகும்" என்றார். தீபாவளிச் சரக்குக்குப் பணம் புரட்டிக்கொண்டிருந்த நேரம். "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஐப்பசி மழையில் வசூலுக்குப் போன கடைத் தம்பி, பேருந்து நிலையத் திருப்பத்தில் பிரேக் பிடித்து வண்டி சறுக்கி விழுந்தான். பின்னால் வந்த லாரி ஓட்டுநர் சட்டென்று ஒடித்து நிறுத்தியதால் உயிர் தப்பியது. மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரிச் செலவு 38,000 ரூபாய். ஆறு வாரச் சம்பளத்தையும் கொடுத்தேன். அதெல்லாம் பெரிதல்ல. அவனைப் பார்க்கப் போனபோது அவன் தாயார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்க பிள்ளையை இந்த வண்டியில அனுப்புவீங்களா அண்ணாச்சி?"

என் மகனுக்கு அதற்கு முந்தின ஆண்டுதான் புது வண்டி வாங்கிக் கொடுத்திருந்தேன். அந்த அம்மாவுக்குப் பதில் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை.

வீட்டுக்கு வந்து, மெக்கானிக்கின் நோட்டையும் கடைச் சீட்டுகளையும் வைத்து முதல் முறையாகக் கணக்குப் போட்டேன். ஆயில், டயர், பேட்டரி, பெல்ட், பிரேக் ஷூ ஆகியவை புது வண்டிக்கும் உண்டு. அவற்றைத் தள்ளிவிட்டு, வண்டியின் வயதால் வந்த செலவை மட்டும் எடுத்தேன்.

பிஸ்டன், கார்புரேட்டர், ஸ்டார்ட்டர் என்று ஓராண்டில் 11,500 ரூபாய்.

எங்கள் ஓட்டம் நாளைக்கு 30 கிலோமீட்டர். 300 நாளைக்கு 9,000. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 35-க்கு இறங்கியிருந்தது. ஆண்டுக்கு 77 லிட்டர் பெட்ரோல் அதிகம். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் 7,700 ரூபாய்.

வண்டி படுத்த நாட்கள் ஒன்பது; ஆட்டோக் கூலி 2,700 ரூபாய். ஆகமொத்தம் 21,900 ரூபாய்.

புது வண்டிக்கு வருவோம். காப்பீடு, பதிவு உட்பட ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டு ஓட்டி 20,000-க்கு விற்றால் தேய்மானம் ஆண்டுக்கு 8,000. முடங்கும் பணம் சராசரி 60,000. நூற்றுக்கு 12 வட்டி போட்டால் 7,200. ஆக 15,200 ரூபாய். "செலவு மிச்சம்" என்று நான் வைத்திருந்த வண்டி ஆண்டுக்கு 6,700 ரூபாய் தின்றுகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிச் செலவை இதில் சேர்க்கவில்லை.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் பழைய வண்டியைத் தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்கும் கடைக்குமாக நாளைக்கு ஐந்து கிலோமீட்டர் ஓட்டும் மளிகைக் கடைக்காரருக்கு, இதே மைலேஜ் குறைவால் ஆண்டுக்கு 1,300 ரூபாய்தான் நட்டம். அவர் ஒரு லட்சத்தை வண்டியில் முடக்குவதைவிடச் சரக்கில் போடுவது மேல். ஸ்டார்ட்டர் மக்கர் செய்தாலோ பெல்ட் போனாலோ மாற்றிக்கொண்டு ஓட்டலாம். ஆனால் சேஸில் துரு அரித்துவிட்டால், ஃபோர்க் வளைந்துவிட்டால், பிஸ்டன் மாற்றிய பிறகும் நீலப் புகை நிற்காவிட்டால், அதில் போடும் பணம் ஓட்டைச் சாக்கில் போடும் அரிசிதான்.

இன்னும் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். 15 ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இரு சக்கர வண்டிக்கு அதன் கட்டணம் 2022 ஏப்ரலில் 300-லிருந்து 1,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டில் 2,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. மறுபுறம், 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள புது வண்டிக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. நான் அதே ஆண்டு தை மாதத்திலேயே 28 சதவீதம் கட்டி வாங்கிவிட்டேன். அதற்காக வருத்தமில்லை. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி. வரையுள்ள புது வண்டிகளில், பின் பிரேக்கைப் பிடித்தால் முன் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் அமைப்போ ஏ.பி.எஸ். அமைப்போ கட்டாயமானது. அந்தத் தம்பியின் பழைய வண்டியில் அது கிடையாது.

பழைய வண்டியை விற்பவர்கள் ஆர்.சி.யில் பெயர் மாற்றாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். ஆர்.டி.ஓ. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். விபத்து நடந்தால் நட்ட ஈட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

ஆகவே, சகோதர வணிகர்களே, பேரேட்டில் வண்டிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பழுது, பெட்ரோல், ஓடிய கிலோமீட்டர், நின்ற நாள் நான்கையும் எழுதுங்கள். ஆண்டு முடிவில் வைத்திருப்பதா மாற்றுவதா என்று அந்தப் பக்கமே சொல்லிவிடும். ஆனால் பிரேக்குக்கும் டயருக்கும் ஆண்டு முடிவுவரை காத்திருக்காதீர்கள். மெக்கானிக் சொன்ன அன்றே மாற்றுங்கள். அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போவது பெரும்பாலும் நாமல்ல, நம்மை நம்பி வேலைக்கு வந்த இன்னொருவர் வீட்டுப் பிள்ளை.