வானத்துப் படத்துக்குப் பூட்டு வேண்டுமா?

ஆகாயத்தில் சுற்றும் விண்கலங்கள் நாள்தோறும் படம் எடுத்து அனுப்புகின்றன. இந்தப் படங்கள் யாருக்குச் சொந்தம்? பணம் போட்ட நாட்டுக்கா? படம் கேட்ட விஞ்ஞானிக்கா? அல்லது உலக மக்கள் எல்லோருக்குமா?

விஞ்ஞான உலகில் சில ஆண்டுகளாக இது பெரிய விவாதம். சாதாரண மக்களுக்கும் இதில் பங்கு உண்டு. எப்படி என்று பார்ப்போம்.

சென்னைக்காரர் கண்ட புள்ளி

2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி, இந்தியாவின் சந்திரயான்-2 அனுப்பிய "விக்ரம்" கலம் சந்திரனில் இறங்க முயன்றது. தரையைத் தொடுவதற்குச் சற்று முன் தொடர்பு அறுந்தது. கலம் எங்கே விழுந்தது? யாருக்கும் தெரியவில்லை.

அமெரிக்காவின் நாஸா நிறுவனத்துக்குச் சந்திரனைச் சுற்றிவரும் விண்கலம் ஒன்று இருக்கிறது. அது எடுத்த படத்தை நாஸா செப்டம்பர் 26-ந் தேதி வெளியிட்டது. படம் மிகப் பெரியது. வெளிச்சமும் போதவில்லை. விஞ்ஞானிகள் தேடியும் கலம் அகப்படவில்லை. ஆனால், அந்தப் படத்தை அவர்கள் பூட்டி வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம் என்று இணையத்தில் போட்டார்கள்.

சென்னையைச் சேர்ந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் அதை எடுத்தார். அதே இடத்தின் பழைய படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். பழைய படத்தில் இல்லாத ஒரு சிறு புள்ளி புதிய படத்தில் இருந்தது! உடனே நாஸாவுக்கு எழுதினார். அவர்கள் பிறகு எடுத்த படங்களையும் வைத்துச் சோதித்தார்கள். அது விக்ரமின் உடைந்த துண்டுதான்! 2019 டிசம்பரில் நாஸா அவர் பெயரைச் சொல்லியே செய்தியை வெளியிட்டது.

விளையாட்டாகச் செய்த வேலை

இன்னொரு சம்பவம். வானத்தில் கோடி கோடியாக நட்சத்திரக் கூட்டங்கள் இருக்கின்றன. சில சுருள் வடிவம்; சில உருண்டை வடிவம். அவற்றை இனம் பிரிக்க வேண்டும். சுமார் 9 லட்சம் படங்கள்! ஒரு சில விஞ்ஞானிகளால் ஆகிற காரியமா?

2007 ஜூலையில் அந்தப் படங்களைப் பொதுமக்களிடமே கொடுத்துவிட்டார்கள். "கேலக்ஸி ஸூ" என்று பெயர். கம்ப்யூட்டரில் ஒரு படம் வரும். "இது சுருளா, உருண்டையா?" என்று கேட்கும். பார்ப்பவர் பதில் சொல்வார். அடுத்த படம் வரும். பிள்ளைகள் விளையாடும் விளையாட்டைப் போலத்தான்! முதல் ஆண்டிலேயே ஒன்றரை லட்சம் பேர் சேர்ந்து 5 கோடிக்கு மேல் பதில் சொல்லிவிட்டார்கள்.

அவர்களில் ஒருவர் ஹன்னி வான் ஆர்கல். நெதர்லாந்து நாட்டுப் பள்ளி ஆசிரியை. ஒரு படத்தில் விசித்திரமான ஒளித்திட்டு இருப்பதைப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்டார். விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். அது ஒளிரும் பெரிய வாயு மேகம் என்று தெரிந்தது. இன்று அதற்கு அவர் பெயரே வழங்குகிறது.

பூட்டு எதற்கு?

அப்படியானால் எல்லாப் படங்களையும் உடனே கொடுத்துவிடலாமே? இங்கேதான் சிக்கல்.

2021 டிசம்பர் 25-ந் தேதி "ஜேம்ஸ் வெப்" என்ற பெரிய டெலஸ்கோப் வானில் ஏவப்பட்டது. செலவு சுமார் 1,000 கோடி டாலர். பூமியிலிருந்து 9 லட்சம் மைலுக்கு அப்பால் அது நிற்கிறது. அதைக் கொண்டு ஆராய உலகமெங்கும் போட்டி. அண்மையில் ஒரு சுற்றில், கேட்ட நேரத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான் கொடுக்க முடிந்தது.

டெலஸ்கோப் வேலை தொடங்கியபோது ஒரு விதி வகுத்தார்கள். சில படங்கள் உடனே எல்லோருக்கும் கிடைக்கும். மற்றவை பெரும்பாலும் கேட்ட விஞ்ஞானிக்கு மட்டும் ஓராண்டு. பிறகு உலகத்துக்கு.

2022-ல் அமெரிக்க அரசு, மக்கள் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியின் முடிவுகள் தாமதமின்றி மக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று அறிவித்தது. அப்போது விவாதம் சூடு பிடித்தது.

"வரி கொடுத்தது மக்கள். படத்தை ஒளிப்பது நியாயமா?" என்றது ஒரு கட்சி.

"மாதக்கணக்கில் யோசித்து, எங்கே பார்க்க வேண்டும் என்று சொன்னவன் ஒருவன். படம் வந்த அன்றே, பத்து ஆட்களை வைத்திருக்கும் பெரிய நிலையம் முந்திக்கொண்டு கட்டுரை எழுதிவிட்டால், தனியாக உழைக்கும் மாணவன் கதி என்ன?" என்றது மறு கட்சி. உழுதவன் ஒருவன், அறுத்தவன் ஒருவன் என்றாகிவிடும் என்பது அவர்கள் கவலை.

தீபாவளிப் படம்

திறந்துவிட்ட படத்திலும் ஆபத்து உண்டு. தீபாவளி வந்தால் போதும். "இந்தியா தீபாவளி இரவில் ஜொலிக்கிறது" என்று ஒரு வண்ணப் படம் கைபேசிக்குக் கைபேசி தாவும். அது தீபாவளிப் படமே அல்ல! 1992 முதல் 2003 வரை ஊர்களில் விளக்குகள் எப்படிப் பெருகின என்பதைக் காட்ட, பல ஆண்டுப் படங்களைச் சேர்த்து வண்ணம் கொடுத்தது அது. 2012-ல் நாஸா உண்மையான தீபாவளி இரவுப் படத்தையே வெளியிட்டது. மற்ற இரவுகளுக்கும் அதற்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இல்லை! விளக்கம் இல்லாமல் படம் மட்டும் போனால், உண்மைப் படமும் பொய் பேசும்.

எது நியாயம்?

எனவே, பூட்டே கூடாது என்பதும் சரியல்ல. நிரந்தரப் பூட்டும் சரியல்ல. உழைத்தவனுக்குக் கொஞ்ச காலம் கொடுக்கலாம். ஆனால், பூட்டைத் திறக்கும் தேதியை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். யாரும் தனியாகக் கேட்காமல் வானத்தைப் பொதுவாக எடுத்த படங்களுக்கு அந்தத் தாமதமும் வேண்டியதில்லை. எந்தப் படத்தோடும் அதன் விளக்கமும் சேர்ந்தே போக வேண்டும்.

பொறியாளரும் பள்ளி ஆசிரியையும் வானத்தில் புதியதைக் கண்டார்கள். அவர்களுக்குப் படம் கிடைத்தது, அதனால் கண்டார்கள். படமே கைக்கு வராமல் எத்தனை கூர்மையான கண்கள் காத்திருக்கின்றனவோ!