செடிக்கு ஒரு கலயம்

குட்டீஸ்! லீவுக்கு ஆச்சி வீட்டுக்குக் கிளம்பும்போது, தொட்டிச் செடிக்கு ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓடுவீர்களா? நானும் அப்படித்தான் போனேன். திரும்பி வந்தபோது மல்லிகை கருகிக் கிடந்தது. மண் கொள்ளாத தண்ணீர் அடித்துளை வழியாக ஓடிவிடுமே!

என்னைக் கேட்டால், நம் காருகுறிச்சி மண்பாண்டத்தில் ஒரு சின்னக் கலயம் வாங்குவதே மேல். வர்ணம் பூசியது வேண்டாம், நீர் கசியாது. வேர் அறுபடாமல் தொட்டி ஓரத்தில் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி மூடுங்கள். (மூடாவிட்டால் கொசு குடியேறும்!) மண் காயக் காய, கலயத்தின் நுண்துளைகள் வழியே நீர் கசியும், ஈரமானால் குறையும். 2,000 ஆண்டுகளுக்கு முன்பே சீனர்கள் இப்படிப் பயிர் வளர்த்தார்கள்.

கலயம் எத்தனை நாள் தாங்கும்? பரீட்சை சமயத்திலேயே ஒருமுறை நிரப்பி, எத்தனை நாளில் வற்றுகிறது என்று எண்ணுங்கள். அதற்கு மேலும் ஊரில் தங்குவதானால், பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.