நம்பர் யாருக்கு? காருக்கா, காசு கொடுத்தவனுக்கா?

பிரிட்டனில் கார் நம்பரை விற்பது அரசாங்கம். வாங்குவது மனுஷன். ஆனால் காரை விற்கும்போது அந்த மனுஷன் ஒரு விண்ணப்பம் போட மறந்துவிட்டால், நம்பர் காரோடு போய்விடும். காரை வாங்கியவர் நல்ல மனசு பண்ணித் திருப்பிக் கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் கோவிந்தா! நம்பருக்குக் கொடுத்த காசு 250 பவுண்டோ 25,000 பவுண்டோ, அரசாங்கத்துக்குக் கவலையில்லை. சட்டப்படி எல்லாம் சரிதான். அந்தச் சட்டம் சரியா என்பதுதான் கேள்வி.

சரியில்லை. ஏன் என்று பார்ப்பதற்கு முன்னால், விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை.

பேர் சொல்லும் நம்பர்

நம்ம ஊரில் ஃபேன்சி நம்பர் என்றால் 1, 9999, அதை விட்டால் கூட்டிப் பார்த்து ஒன்பது வருகிற ராசி நம்பர். பிரிட்டனில் நம்பரிலேயே பேரை எழுதிவிடுவார்கள். அங்கே 2001 செப்டம்பர் முதல் வரும் புது நம்பர்களில் இரண்டு எழுத்து, இரண்டு இலக்கம், மறுபடி மூன்று எழுத்து. பழைய வரிசைகளில் இன்னும் பல விதம். 5-ஐ 'எஸ்' என்றும், 1-ஐ 'ஐ' என்றும், 4-ஐ 'ஏ' என்றும் படிக்கத் தயாராக இருந்தால் பாதிப் பேருடைய பெயர் எங்கேயாவது ஒரு நம்பரில் கிடைத்துவிடும்.

இந்த நம்பர் முறை 1903-ஆம் வருடச் சட்டத்தால் வந்து, 1904 ஜனவரி 1 முதல் அமலானது. நோக்கம் ரொம்ப எளிமை. வண்டி இடித்துவிட்டு ஓடினால் யார் வண்டி என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான். அதில் வியாபாரம் எதுவும் கிடையாது.

ஆனால் 1989-இல் அரசாங்கமே கடை விரித்தது. ஸ்வான்சீ நகரத்தில் இருக்கும் டி.வி.எல்.ஏ. (நம்ம ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸ்கள் எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்த மாதிரி ஒரு அரசு நிறுவனம்) அன்று முதல் இன்று வரை நம்பர் விற்கிறது. மலிவான நம்பர் 250 பவுண்டிலிருந்து கிடைக்கும். உச்சம் எங்கே என்றால், 2014-இல் '25 ஓ' என்கிற நம்பரை ஏலத்தில் விட்டார்கள். கட்டணம், வரி எல்லாம் சேர்த்து 5,18,000 பவுண்டு! ஃபெராரியின் பழைய 250 மாடல்களில் ஒன்றுக்கு மாட்டப் பொருத்தமான நம்பராம். நம்பர் விலைக்கு லண்டனிலேயே ஒரு வீடு வாங்கியிருக்கலாம்.

விற்கும்போது என்ன நடக்கும்?

காரை விற்பதற்கு முன்னால் "இந்த நம்பரை வைத்துக்கொள்கிறேன்" என்று டி.வி.எல்.ஏ.விடம் விண்ணப்பிக்க வேண்டும். ஆன்லைனில் செய்யலாம், வி317 என்ற படிவத்தை நிரப்பித் தபாலிலும் அனுப்பலாம். கட்டணம் 80 பவுண்டு. ஏற்றுக்கொண்டால் வி778 என்று ஒரு சான்று வரும். அது 10 வருடம் செல்லும். அதை வைத்து நம்பரை வேறு காருக்கு மாற்றிக்கொள்ளலாம், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. மாற்றவில்லையென்றால் காலாவதியாகும் முன் புதுப்பிக்க வேண்டும். தவறினால் உரிமை நிரந்தரமாகக் காலி. விற்கப்போகிற காருக்கு வேறு நம்பர் தானாகவே கிடைத்துவிடும். பெரும்பாலும் அது அந்தக் காருக்கு ஆரம்பத்தில் இருந்த பழைய நம்பராகவே இருக்கும்.

இதில் நிபந்தனைகளும் உண்டு. கார் தன் சொந்த பலத்தில் நகரக்கூடியதாக இருக்க வேண்டும். அதிகாரிகள் கேட்டால் பரிசோதனைக்குக் காட்ட வேண்டும். சாலை வரி கட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் சாலையில் ஓட்டுவதில்லை என்று முறைப்படி அறிவித்திருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே, வரிசை முக்கியம். முதலில் நம்பரைக் கழற்று, பிறகு காரை விற்று. மாற்றிச் செய்தால் போச்சு.

"முன்னாடியே விண்ணப்பிக்க வேண்டியதுதானே, இதில் என்ன கஷ்டம்?" என்று தோன்றும். ஆனால் கார் கைமாறுவது எப்போதும் நிதானமாக நடக்கிற காரியமா? ஷோரூமில் பழைய காரை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டு அன்றைக்கே புதுக் காரில் வீட்டுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். விபத்தில் கார் நொறுங்கி, "இது தேறாது" என்று இன்சூரன்ஸ் கம்பெனி எடுத்துக்கொள்ளும் கேஸ்கள் இருக்கின்றன. அங்கேயும் காரை ஒப்படைக்கும் முன் நம்பரைக் கழற்றியாக வேண்டும். மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை வி317 நிரப்புவது! அடுத்தது மரணம். அப்பா போய்ச் சேர்ந்த மாதத்தில் பிள்ளைகள் காரை விற்கிறார்கள். அந்தக் காரில் அப்பாவின் இனிஷியல் இருக்கிறது. விற்பதற்கு முன்னால் உயில், இறப்புச் சான்றிதழ் என்று காகிதங்களைத் திரட்டி அனுப்பினால்தான் இனிஷியல் வீட்டில் தங்கும். துக்க வீட்டில் இது யாருக்கு ஞாபகம் வரும்?

ஒரே பொருள், இரண்டு முகம்

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லித்தரும் ஒரு பாடம் உண்டு. ஒரு நடவடிக்கையின் சட்ட வடிவத்தைப் பார்க்காதே, அதன் உண்மையான பொருளாதாரத் தன்மையைப் பார்த்துக் கணக்கு எழுது. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இதைப் பாருங்கள்.

அரசாங்கம் நம்பரை விற்கும்போது அது தனிச் சரக்கு. தனி விலை, தனி ஏலம். மதிப்புக் கூட்டு வரி கூட வசூலிக்கிறார்கள். வாங்குகிறவரிடம் கார் இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூடக் கிடையாது. காரே இல்லாமல் நம்பரின் உரிமையை மட்டும் சான்றாக வாங்கி மேஜை டிராயரில் வைத்துக்கொள்ளலாம். ஆக, நம்பரும் காரும் வேறு வேறு என்று ஒப்புக்கொண்டு காசு வாங்குவது சாட்சாத் அரசாங்கமேதான்.

அதே நம்பரைக் காரில் மாட்டியவுடன் கதை மாறுகிறது. இப்போது அது காரின் பாகம். ஸ்டெப்னி டயர் மாதிரி காரோடு போகும். வாங்கியவரின் உரிமை எங்கே போனது? அது காரோடு ஒட்டிவிட்டது. பிரித்தெடுக்க 80 பவுண்டு.

காசு வரும்போது தனிப்பொருள், மறதி வரும்போது காரின் பாகம். இரண்டில் ஏதாவது ஒன்றுதானே உண்மையாக இருக்க முடியும்?

நம்பர் தனிப்பொருள்தான் என்பதற்கு அங்கேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் 1904-இல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட நம்பர் 'எஃப் 1'. அது பல காலமாக எஸ்ஸெக்ஸ் கவுன்சில் கையில் இருந்தது. 2008-இல் கவுன்சில் அதை ஏலத்தில் விட்டு, கட்டணங்களோடு சேர்த்து 4,40,625 பவுண்டுக்கு விற்றது. எஃப் 1 மாட்டியிருந்த கவுன்சில் கார் எந்தக் கார், என்ன விலை என்று யாராவது கேட்டார்களா? விலை போனது நம்பர். ஒரு கவுன்சிலுக்கு இது தெரிந்திருக்கிறது.

"பணக்காரன் விளையாட்டு, நமக்கென்ன?"

இதைச் சொல்லாத ஆள் இருக்க மாட்டார். நம்பருக்கு லட்சக்கணக்கில் கொட்டுகிறவன் அதைத் தொலைத்தால் யாருக்கு நஷ்டம்? வேணும், நல்லா வேணும்!

ஆனால் தொலைப்பது அவனில்லை. அரை மில்லியன் பவுண்டு கொடுத்து நம்பர் வாங்கியவனுக்கு வக்கீல் இருப்பார், கணக்குப்பிள்ளை இருப்பார். வி317 அவனுக்காக வேறு யாரோ நிரப்புவார்கள். தொலைப்பது 250, 300 பவுண்டு சேர்த்து, அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு அவர் இனிஷியலை வாங்கிக் கொடுத்த குடும்பம். சாதாரண ஆளின் மறதியைத் தண்டித்துப் பணக்காரனைத் தொடாமல் விடுகிற விதியைப் பணக்காரன் மேல் இருக்கும் கடுப்பில் ஆதரிப்பது எந்த ஊர் நியாயம்?

"போலீஸுக்குக் குழப்பம் வராதா?"

வராது. காரின் நிரந்தர அடையாளம் நம்பர் பிளேட்டே இல்லை, சேஸிஸில் பொறித்திருக்கும் எண். நம்பர் எத்தனை முறை மாறினாலும் அது மாறாது. அந்த எண்ணை வைத்துத்தான் டி.வி.எல்.ஏ. பதிவேடு ஒரு காரைப் பின்தொடர்கிறது. குழப்பம் வரும் என்று உண்மையிலேயே பயந்தால் நம்பர் விற்கிற கடையையே மூடியிருக்க வேண்டும். 80 பவுண்டு கட்டினால் தீர்ந்துவிடுகிற குழப்பம் என்ன குழப்பம்?

"காரை வாங்கியவர் நம்பருக்கும் சேர்த்துத்தானே காசு கொடுத்தார்?"

இது நியாயமான கேள்வி. சில சமயம் நம்பரைப் பார்த்தே கார் வாங்குவார்கள். அவர்களை ஏமாற்றக் கூடாது. ஆனால் நம்பருக்காகக் காசு கொடுத்தவர் அதை விற்பனைப் பத்திரத்தில் ஒரு வரியாக எழுதி வாங்கிக்கொள்ளலாம். எழுதாதபோது யாருக்குச் சாதகமாக முடிவு செய்வது என்பதுதான் பிரச்சினை. இன்றைக்கு, எதுவும் எழுதாவிட்டால் காசு கொடுக்காதவருக்கு நம்பர் போகிறது, காசு கொடுத்தவருக்குப் பட்டை நாமம். பழைய காரை வாங்கி, உள்ளே டேஷ்போர்டில் விற்றவர் மறந்துவிட்ட தங்கச் சங்கிலி கிடந்தால் அது காரோடு வந்த பொருள் என்று யாராவது சொல்வார்களா?

மற்ற நாடுகளில் முடிகிறதே!

பெல்ஜியத்தில் நம்பர் பிளேட் ஆளுக்குச் சொந்தம். காரை விற்கும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகிறார்கள். சுவிட்சர்லாந்திலும் அப்படித்தான். அங்கே ஒரே நம்பரை இரண்டு கார்களுக்குப் பதிவு செய்து, ஓட்டுகிற காரில் மட்டும் மாற்றி மாற்றி மாட்டிக்கொள்ளவும் வழி இருக்கிறது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் பிளேட் விற்பவரிடமே தங்கும்.

கலிஃபோர்னியா இன்னும் சுவாரஸ்யம். அங்கே சாதாரண நம்பர் காரோடு போகும். விருப்பத்துக்கு வாங்கிய நம்பர் வாங்கியவரோடு தங்கும். வரிசையில் வந்த நம்பர் வண்டிக்கு, காசு கொடுத்து வாங்கிய நம்பர் ஆளுக்கு. எவ்வளவு எளிமையான பிரிவு! பிரிட்டன் கேட்க வேண்டியதெல்லாம் இந்த ஒன்றைத்தான்.

என்ன செய்யலாம்?

பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை. காரை விற்றவர் எப்படியும் "விற்றுவிட்டேன்" என்று டி.வி.எல்.ஏ.வுக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்த இடத்திலேயே ஒரு கேள்வி சேர்க்கட்டும்: நம்பர் உங்களுக்கா, வாங்குகிறவருக்கா? பதில் சொல்லாமல் விட்டால், விற்ற நாளிலிருந்து 30 நாள் அவகாசம். அதற்குள் உரிமை கோரினால் நம்பர் அவருக்கு, காருக்கு அதன் பழைய நம்பர். பத்திரத்தில் நம்பரையும் சேர்த்து விற்றதாக எழுதியிருந்தால் கோர முடியாது. புது பிளேட் அடிக்கும் செலவை உரிமை கோருகிறவரே கொடுக்கட்டும், நியாயம்தானே. விபத்து, மரணம் இரண்டுக்கும் அவகாசத்தை ஆறு மாதமாக்கலாம்.

அந்த 80 பவுண்டையும் பார்க்க வேண்டும். ஏற்கெனவே விற்று லாபம் பார்த்த பொருளை வாங்கியவரே தொடர்ந்து வைத்துக்கொள்ள எதற்கு மறுபடி காசு? ஆன்லைனில் கம்ப்யூட்டரே செய்து முடிக்கும் வேலை. செலவு உண்டென்றால் அந்தச் செலவை மட்டும் கேட்கட்டும்.

"முடியாது, பல வருஷ நடைமுறை" என்று பதில் வரும். 2015 மார்ச் 9-க்கு முன்னால், கையில் வைத்திருக்கும் நம்பரைப் புதுப்பிக்க வருடத்துக்கு 25 பவுண்டு அழ வேண்டியிருந்தது. அதுவும் நடைமுறைதான். ஒரு நாள் எடுத்தார்கள், 10 வருடமாக்கினார்கள், வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. மனசு வைத்தால் மீதியையும் மாற்றலாம்.

அது வரைக்கும் பிரிட்டனில் இருக்கும் மக்களே, நம்பர் பிடித்திருந்தால் சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் நம்பரைக் கழற்றிவிடுங்கள். கார் விற்கலாமா என்று யோசனை வந்த அன்றைக்கே விண்ணப்பித்தாலும் தப்பில்லை, கையில் 10 வருடம் இருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் காரில் அப்படி ஒரு நம்பர் இருந்தால் அவர்களிடமும் சொல்லிவையுங்கள்.

அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நம்பர் காருக்குச் சொந்தம் என்றால் மனுஷனிடம் விற்காதே. மனுஷனிடம் விற்றாயா, அவன் மறந்தாலும் அது அவனுடையதுதான்.