மறை காத்தலும் நட்பும்

நட்பினைப் பற்றித் தமிழில் எழுதப் புகுவோர் பெரும்பாலும் பிசிராந்தையாரையே முதற்கண் நினைப்பர். தாம் ஒருகாலுங் கண்டறியாத கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தான் என அறிந்து, பாண்டி நாட்டினின்றும் நடந்து வந்து அவனோடு உயிர் நீத்தவர் அப்புலவர். புறநானூறு கற்பிக்குந்தோறும் இதனைக் கூறாத தமிழாசிரியர் இலர். யானுங் கூறி வருகின்றேன். ஆயினும், பதினாறு வயதுப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பிலே இச்செய்தியை இவ்வளவோடு நிறுத்தி மணியடித்ததும் எழுந்து செல்லுதல் தகாது என்பது என் கருத்து. அவர்களுள் ஒருவனுடைய தோழன் அன்று காலையிலே, “எனக்கு இனி இருக்க விருப்பமில்லை” என்று சொல்லியிருத்தல் கூடும்.

இஃது கற்பனையன்று. சில ஆண்டுகளுக்கு முன் மாணவனொருவன் பாடம் முடிந்த பின்னும் போகாது நின்றான். நெடுநேரத்தின் பின், “ஐயா, ஒருத்தருக்குஞ் சொல்ல மாட்டனெண்டு நல்லூர்க் கந்தன்மேலே சத்தியம் பண்ணிப்போட்டன். சொன்னாற் பாவமோ?” என்றான். அவன் காத்து நின்ற மறை யாதென்பது வாசகர்க்கு இப்பொழுதே விளங்கும்.

பாவமோ என்னும் வினாவுக்கு விடை வள்ளுவரிடமே உண்டு. வாய்மை யாதெனின், தீமை சிறிதும் பயவாத சொல்லைச் சொல்லுதலே என்று வரையறுத்தவர் அவர். குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று ஒருபடி மேலுஞ் சென்றவர். உயிர் போகுமாறு காக்கப்படும் சத்தியம் அவர் கூறும் வாய்மையுள் அடங்காது. கந்தவேள் இதன்பொருட்டு ஒரு பிள்ளையைக் கோபிப்பார் என்று நம்புதற்கும் என்னால் இயலவில்லை. அன்று மாலையே அத்தோழனின் தாய்மாமனிடஞ் சென்றோம். மறையை வெளியிட்டவனோடு தோழன் இரண்டு கிழமை பேசவில்லை, பின்னர்ப் பேசினான்.

பெரியோராகிய நாம் இத்தகைய சொல்லைக் கேட்டால் என் செய்கின்றோம்? “உப்பிடிக் கதையாதை” என்று அதட்டுகின்றோம். அல்லது குரைக்கிற நாய் கடியாது என்கின்றோம். இப்பழமொழியை இவ்விடத்திற் கூறுவோர் மீது எனக்குச் சினம் உண்டு. சாவைப் பற்றிப் பேசியவர் செய்யார் என்பது பொய். உயிரை மாய்த்துக்கொண்டோருட் பலர் முன்னரே யாரிடமேனும் குறிப்பாகவேனும் சொல்லியிருந்தவர்கள். நேரே வினவினால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்னும் அச்சமும் அடிப்படையற்றது. “சாகவேணும் எண்டு நினைக்கிறியோ?” என்று அன்போடு கேட்டல் தீங்கு செய்யாது. கேட்ட பின் அறிவுரை கூறாது செவி கொடுத்தலே அரிது.

செவி கொடுத்தற்குப் பட்டம் வேண்டியதில்லை. சாட் வாரா என்னும் ஆங்கிலப் பாதிரியார் 1935இல், அறியாமையால் அஞ்சி உயிர் மாய்த்த ஒரு சிறுமியை அடக்கஞ் செய்தார். அது மறவாது, 1953இல் இலண்டனிலே தம் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்து, துயருற்றோரை அழைத்தார். வந்தோர் காத்திருக்கையில் அவர்களுக்குத் தேநீர் கொடுக்கச் சில சாதாரண மனிதர்கள் இருந்தனர். அவர்களோடு பேசியிருந்தோருட் பலர், பாதிரியாரைக் காணாமலே ஆறுதலுற்றுத் திரும்பக் கண்டார் அவர். அடுத்த ஆண்டில் அப்பணியை அத்தொண்டர்களிடமே ஒப்படைத்தார். கொழும்பிலே 1974இல் தோன்றிய ‘சுமித்ரயோ’வும், சென்னையில் மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் 1986இல் நிறுவிய ‘சிநேகா’வும் இவ்வழியினவே. இரண்டன் பெயரிலும் நட்பு நிற்றலைத் தமிழ் மாணாக்கர் கவனிக்க.

நிற்க. தோழன் ஒருவனே முழுச் சுமையையுந் தாங்குதல் ஆகாது. ஆடை நெகிழ்ந்தவனுக்கு உதவும் கை நட்பு என்றார் வள்ளுவர். பதினாறு வயதுக் கை ஒன்று எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? ஆகலின் அவன் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லுதல் வேண்டும். அவர்கள் வரும்வரை நண்பனைத் தனியே விடலாகாது. வந்த பெரியோர், வீட்டிலுள்ள மருந்துகளையும் தோட்டத்து நஞ்சுகளையும் கைக்கெட்டாது வைத்தல் முதற் கடமை. இதனைச் சிறிய காரியம் என்று கருதுவோர் இலங்கையின் கணக்கினை நோக்குக. 1995 அளவில் இந்நாட்டில் ஆண்டுதோறும் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தனர். கொடிய நச்சுப் பூச்சிகொல்லிகள் தடுக்கப்பட்ட பின், 2005 அளவில் அத்தொகை ஏறக்குறைய பாதியாயிற்று. அப்பத்தாண்டில் நம் துன்பம் பாதியாகவில்லை என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. அவ்வெண்ணம் அலைபோல் எழுந்து தணிவது. அது தணியுமட்டும் நஞ்சு கைக்கு எட்டாதிருந்தமையாற் பிழைத்தோர் பலர்.

இன்னொன்று. தற்கொலைக்கு முயல்வது நம் நாட்டிலே 1998 வரை குற்றமாயிருந்தது. சட்டம் நீங்கிற்று, பொலிசுக்குப் போக நேருமோ என்னும் பயம் பல வீடுகளில் இன்னும் நீங்கவில்லை. “ஊர் என்ன சொல்லும்” என்று மருத்துவமனைக்குக் கொண்டுபோகாதிருக்கும் தாய் தந்தையர் இதனை அறிதல் நன்று. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தை இரவிலும் அழைக்கலாம். அதனைக் கரும்பலகையின் ஒரு மூலையில் எழுதி, அழியாது விடும்படி என் வகுப்புத் தலைவனிடஞ் சொல்லியிருக்கின்றேன்.